உப்புத்தாள் காட்டிக்கொடுத்த வெடிப்பு

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது. உப்புக்காற்றில் ஸ்விஃப்ட் காரின் இரும்புச் சக்கரங்கள் துருவேறிப் போனதால், பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில், அலாய் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரங்கள் நான்கு பழையதாக வாங்கினேன். 14 அங்குலம், நான்கு நட்டுத் துளைகள், துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. இந்த அளவுகள் பொருந்தாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது.

மூன்றில் மேல்பூச்சு உரிந்து, அடியில் புழு ஊர்ந்ததுபோல வெள்ளைக் கோடுகள் ஓடின. கல்லடி பட்ட இடத்தில் ஈரமும் உப்பும் புகுந்து, பூச்சுக்கு அடியிலேயே அலுமினியத்தை அரித்துக்கொண்டு போனதன் தடம் அது. நான்காவது மட்டும் புதிதுபோலப் பளபளத்தது.

டயர்களைப் பஞ்சர் கடையில் கழற்றிக்கொண்டேன். உள்பக்கத்துத் தார்க் கறையை மண்ணெண்ணெயால் துடைத்து, பிறகு சோப்பு நீரில் இரண்டு முறை கழுவினேன். கழுவிய சக்கரத்தில் தண்ணீர் ஊற்றினால் அது படலமாகப் பரவ வேண்டும். முத்து முத்தாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் போகவில்லை, திரும்பக் கழுவ வேண்டியதுதான்.

அடுத்தது தேய்ப்பு. வேலையில் முக்கால் பங்கு இதுதான். 120-ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என்று போனேன். பழைய ஹவாய் செருப்பைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, அதன்மேல் தாளைச் சுற்றிக்கொண்டால் வளைவுகளில் அழகாகப் படிந்து கொடுக்கிறது. ஆரங்களின் மூலைகளுக்கு ஐஸ் குச்சி. அலுமினியத் தூள் தாளை அடைத்துவிடும் என்பதால் சோப்பு கலந்த நீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தேன். ஒரு சக்கரத்துக்கு இரண்டு மாலைகள் ஆயின. நடைபாதைக் கல்லில் உரசிய விளிம்புகளை அரத்தால் சமன்செய்து, மேலோட்டமான கீறல்களுக்கு மட்டும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்தேன்.

பளபளத்த சக்கரத்தைக் கடைசியாக எடுத்தேன். உள்விளிம்பில் வெள்ளி நிறம் கரைந்ததும், விரல் நீளத்துக்கு மஞ்சளாகப் பட்டி தெரிந்தது. அந்த இடத்தில் பட்டிக்கு என்ன வேலை? சுரண்டி எடுத்தேன். தலைமுடி போல ஒரு கோடு. கீறலா வெடிப்பா என்று கண்ணால் தீர்மானிக்க முடியவில்லை. அந்தக் காலத்து ரயில்வே பட்டறைகளில் எண்ணெயும் சுண்ணாம்புத் தூளும் வைத்து வெடிப்புகளைத் தேடிய முறை நினைவுக்கு வந்தது. கோட்டின்மேல் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிக் காத்திருந்தேன். வெடிப்புக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய், வெள்ளைப் பொடியின் நடுவே ஈரக் கோடாக மெல்ல ஊறி எழுந்து, விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது. குழந்தைகள் ஏறும் வண்டி இது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மற்ற மூன்றுக்கும் அதே சோதனையைச் செய்து பார்த்தேன், கோடு எழவில்லை. நான்காவதற்கு ஈடாக இன்னொன்று தேடினேன். இந்த முறை பூச்சு உரிந்து, அசிங்கமாக இருந்ததையே கேட்டு வாங்கினேன்.

தேய்த்த அலுமினியத்தின்மேல் மீண்டும் ஆக்சைடு படலம் படிந்துவிடும். அதனால் தேய்த்த அன்றே, அலுமினியத்துக்கான பிரைமரை மெல்லிதாக அடித்தேன். நட்டு உட்காரும் குழிகளையும், அச்சோடு சேரும் பின்பக்கத் தளத்தையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்தேன். அங்கே பெயின்ட் இருந்தால் அது நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். பிறகு வெள்ளி நிறம் மூன்று மெல்லிய பூச்சுகள், அதன்மேல் கிளியர் கோட் எனும் நிறமற்ற மேல்பூச்சு. மாடியில் காற்றோட்டமாக, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் அடித்தேன்.

மூன்றாவது சக்கரத்துக்குக் கிளியர் அடித்தது ஐப்பசியில், மழை விட்ட ஒரு மாலையில். பத்து நிமிடத்தில் பால் ஊற்றியதுபோல வெளுத்துப் பூத்துவிட்டது. காற்றின் ஈரம் பூச்சில் படிந்ததால் வந்த கேடு. நன்றாகக் காயவிட்டு, 800-ஆம் நம்பர் தாளால் நீர் விட்டுத் தேய்த்து, வெயிலடித்த ஒரு நண்பகலில் திரும்ப அடித்தேன், தெளிந்தது.

ஒரு வாரம் கழித்துத்தான் டயர் மாட்டக் கொடுத்தேன். பஞ்சர் கடைத் தம்பி, நான் சொல்வதற்கு முன்பே இயந்திரத்தின் பற்களுக்குத் துணி சுற்றினார். “கையால் செய்ததா அண்ணா?” என்று விளிம்பைத் தடவிப் பார்த்தார். சக்கரம் அதிராமல் சுழல வைக்கும் பேலன்ஸ் எடைகளை விளிம்பில் மாட்டாமல், உள்பக்கம் ஒட்டும் வகையாகப் போடச் சொன்னேன். நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 80 கி.மீ. ஓடிய பின் திரும்பவும் சரிபார்த்தேன். ஒன்று சற்றே இளகியிருந்தது.

வெடித்த சக்கரத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்திருந்தால் பாதிப் பணமாவது கிடைத்திருக்கும். மனம் வரவில்லை. ஆக்ஸா பிளேடால் அதன் விளிம்பை மூன்று இடங்களில் அறுத்து, இனி எந்தப் பட்டியாலும் மூட முடியாதபடி ஆக்கிய பிறகே காயலான் கடையில் எடைக்குப் போட்டேன்.