எண்ணிக்கை சரி, ஆனால் குட்டி இல்லை

காரைக்குடிப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒரு ஆச்சி, "என்ன ஆத்தா படிக்கிறே?" என்று கேட்பார். எலியின் விந்தகத்தில் இருக்கும் புரோட்டீன் கைனேஸ் என்று கூச்சப்படாமல் சொல்லிவிடுவேன். பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி என்றதும் பக்கத்து இலைக்காரர்களும் காது கொடுப்பார்கள்.

கைனேஸ் ஒரு நொதி. அதற்கு ஒரே வேலைதான். உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி (ATP) என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து ஒரு புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதத்தின் வேலை மாறும். பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதி வந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றும். இது எல்லா உயிரணுவிலும் நடப்பதுதான். ஆனால் முதிர்ந்த விந்தணுவில் டிஎன்ஏ இறுகக் கட்டிய பொட்டலமாகக் கிடக்கிறது; புதிதாகப் புரதம் செய்துகொள்ள அதற்கு ஏறக்குறைய வழியே இல்லை. கையில் இருக்கிற புரதங்களை வைத்துத்தான் அது பிழைத்தாக வேண்டும். அதனால் இந்த ஒட்டலும் கழற்றலும்தான் அதற்கு எல்லாம்.

எலியில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 50 நாள் ஆகும். அப்புறம் எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயில் ஒரு வாரத்துக்கு மேல் நகரும். அந்தக் குழாயின் தலைப்பகுதியிலிருந்து எடுத்த விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. வால்பகுதியிலிருந்து எடுத்து வெதுவெதுப்பான கரைசலில் விட்டால் பாய்ந்து ஓடும். அதுவும் போதாது. பெண்ணுடலுக்குள் சிறிது நேரம் இருந்த பிறகே முட்டையைத் துளைக்கும் தகுதி வரும் என்று 1951-இல் ஆராய்ச்சியாளர்கள் ஆஸ்டினும் சாங்கும் தனித்தனியே கண்டறிந்தார்கள். அங்கே பைகார்பனேட் விந்தணுவுக்குள் போகிறது, உள்ளே செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடுகிறது, புரோட்டீன் கைனேஸ் ஏ வேலையைத் தொடங்குகிறது, வால் அடிக்கும் விதமே மாறுகிறது.

என்னை உலுக்கிய முடிவு ஒன்று உண்டு. இந்தக் கைனேஸில் விந்தணுவுக்கென்றே ஒரு வடிவம் இருக்கிறது. அதை மட்டும் நீக்கிய சுண்டெலிகளுக்கு விந்தணு எண்ணிக்கை சரி, நீந்தவும் செய்யும். குட்டி மட்டும் பிறக்காது.

நம் ஊரில் கணவனின் எண்ணிக்கை 'நார்மல்' என்று தாள் வந்துவிட்டால் பேச்சு முழுக்க மனைவி பக்கம் திரும்பிவிடுகிறது. பிள்ளை கூட்டும் (தத்தெடுக்கும்) பேச்சு எழும்வரை அவள் படுவது எனக்குத் தெரியும். சுண்டெலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிக்கை மட்டும் ஒரு ஆணின் கருவுறுதிறனைச் சொல்லிவிடாது என்பதை அழுத்தியே சொல்வேன்.

சோதனையில் என் முதல் எதிரி வெப்பம். திசுவை எடுத்த கணத்திலிருந்து பாஸ்படேஸ் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் ஐஸ் உருகினால் நாம் அளப்பது விந்தகத்தில் இருந்த நிலையை அல்ல, மேசையில் கெட்ட நிலையை. அதனால் அரைக்கும் கரைசலிலேயே பாஸ்படேஸைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடும் வனடேட்டும் சேர்த்து, எல்லாவற்றையும் ஐஸில் புதைத்துவைத்த பிறகே திசுவைத் தொடுவேன்.

இப்போது எபிடிடிமிஸைத் தலை, உடல், வால் என்று பிரித்து அளந்துகொண்டிருக்கிறேன். தலைப்பகுதியில் நீந்தாத விந்தணுவில் கைனேஸே குறைவா, அல்லது இருந்தும் பாஸ்படேஸ் அதை மிஞ்சுகிறதா என்பதுதான் என் கேள்வி.