ஜன்னலின் உட்புறம் பெய்த மழை

குளிர்காலப் புயல்மழை தொடங்கி இன்றோடு ஐந்து நாளாகிறது. முதல் நாளே ஜன்னல்களை இறுக மூடி, வாசற்கதவின் அடியிடுக்கில் பழைய துண்டைச் சுருட்டி வைத்துவிட்டு, இனி ஒரு பொட்டு ஈரம் உள்ளே வராது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், படுக்கையறைக் கண்ணாடியின் உட்புறம் முழுவதும் நீர் முத்துமுத்தாகக் கோத்து நின்றது. ஒரு துளி அசைந்து பக்கத்துத் துளியைச் சேர்த்துக்கொண்டு கோடாக வழிய, சட்டத்தின் அடியில் சிறு குட்டையே தேங்கிவிட்டது. கூரை ஒழுகுகிறதோ என்று நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தேன். மேலே எல்லாம் காய்ந்துதான் இருந்தது.

அந்த நீர் எங்களுடையதேதான். வெளியே உலர்த்த வழியில்லாமல் கூடத்தின் குறுக்கே கயிறு கட்டித் துணிகளைத் தொங்கவிட்டிருந்தோம். சலவை இயந்திரம் பிழிந்து தந்த பிறகும் ஒரு கூடைத் துணியில் சுமார் 2 லிட்டர் நீர் மிச்சமிருக்கும். துணி காய்ந்துவிட்டது என்று நாம் மகிழும் வேளையில் அந்த நீர் அறைக்காற்றுக்குக் குடிபெயர்ந்திருக்கும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு அடுப்பின் ஆவி, வெந்நீர்க் குளியல், நான்கு பேர் இரவெல்லாம் விடும் மூச்சு. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. குளிர்ந்த கண்ணாடியைத் தொடும் காற்று, தாங்க முடியாததை அங்கேயே இறக்கி வைத்துவிடுகிறது.

"ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வையேன்" என்றார் அம்மா. கொட்டும் மழையில் திறந்தால் ஈரம் கூடத்தானே செய்யும் என்று வாதிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது தோற்றது நான்தான். வெளிக்காற்று 5 டிகிரியில் முழுக்க ஈரமாகவே இருந்தாலும், வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். அம்மாவுக்கு இந்த எண்கள் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேற்று மாலை மின்சாரம் போனது. குளிர்பதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் 4 மணி நேரம் தாங்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஆனால் தம்பி, குளிருக்கு இதமாகக் கரி அடுப்பைக் கூடத்தில் மூட்டலாமா என்று கேட்டபோதுதான் பயந்துபோனேன். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இடுக்கெல்லாம் அடைத்த வீட்டில் அது ஆளையே கொன்றுவிடும். போர்வைகளைக் கொண்டுவந்து ஒரே அறையில் எல்லோரும் முடங்கிக்கொண்டோம்.

இன்று காலை வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை இழுத்துப் பார்த்தேன். அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்துவிட்டு, காற்றோடச் சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டு நிறுத்தியிருக்கிறேன். மழை சற்றுத் தணியும் போதெல்லாம் எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வைக்கிறோம். எல்லோரும் நடுங்கியபடி என்னை முறைக்கிறார்கள். கயிற்றில் தொங்கும் காலுறைகளின் நுனி மட்டும் இன்னும் காயவில்லை.