யார் செய்த பாவமும் இல்லை

அலமாரியிலிருந்து பாச்சை உருண்டைகளை அம்மா பொறுக்கிக்கொண்டிருக்கிறார். பட்டுச்சேலை மடிப்பில் ஒன்று பாதி கரைந்து மிளகளவில் ஒட்டியிருந்தது. அதையும் விடவில்லை.

தங்கை பையனுக்கு ஜி6பிடி குறைபாடு; சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. தொப்புள்கொடி ரத்தத்தில் தெரிந்தது. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை உண்டு. பாச்சை உருண்டையிலுள்ள நாப்தலீன் பட்டால் சிவப்பணுக்கள் உடையலாம்.

"யார் செஞ்ச பாவமோ" என்கிறார் அம்மா.

பாவமில்லைம்மா. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்துதான் பெருகும். இந்த நொதி குறைந்த அணுவில் அதற்குச் சரியாக வளர வராது. காய்ச்சலில் ஊரே சாய்ந்த காலத்தில் நம் பாட்டிமாரில் ஒருத்தி இதனாலேயே பிழைத்திருக்கலாம். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடும் அப்படி நிலைத்ததுதான்.

இங்கே 1982லேயே மலேரியா ஒழிந்துவிட்டது. ஆனால் இதைக் கொண்டுவரும் மரபணு அவ்வளவு சீக்கிரம் போகாது.

எந்த மருந்துக்கும் முன்னால் டாக்டரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.