அம்மா காய வைத்த 2 கிலோ

செம்பனை எண்ணெய் (பாமாயில்) ஆலையில் 30 வருடம் குப்பை கொட்டியவன் நான். அதில் பாதிக்கு மேல் பிரஸ் ஸ்டேஷனில். பழம் உள்ளே போனால் எண்ணெய் எப்படி வெளியே வரும் என்று எனக்கே பாடம் எடுக்க யாரும் வர வேண்டாம் என்கிற திமிர் எப்போதும் உண்டு. அந்தத் திமிர் போன தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதத்தில் எப்படி இறங்கியது என்பதுதான் இந்தக் கதை.

எங்களுக்கு ஊர் மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங். தெலுக் இந்தானிலிருந்து பாகான் டத்தோ போகிற சாலையில் இருக்கிறது. (அம்மா இன்னும் 'ஆன்சன்' என்றுதான் சொல்வார். தெலுக் ஆன்சன் என்ற பெயரை 1982-லேயே மாற்றிவிட்டார்கள் என்றால், "என்னைக் கேட்டா மாத்துனாங்க?" என்பார்.) ஒரு பக்கம் செம்பனை, கடல் பக்கம் போகப் போகத் தென்னை. தோட்டத்து லயத்தை விட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தபோது அப்பா கையோடு கொண்டு வந்து நட்ட நாலு தென்னை இன்றும் கொல்லையில் நிற்கின்றன. காய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

அந்தக் காயில் அம்மா வெந்த எண்ணெய் காய்ச்சுவார். துருவி, பால் பிழிந்து, பெரிய வாணலியில் ஊற்றி, விறகடுப்பில் அரை நாள். அம்மாவுக்கு 78 வயது. புகையில் உட்கார்ந்து இருமுவதைப் பார்த்துவிட்டு, ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வேலை ஓய்வு பெற்றவன் கையில் போன் இருந்தால் இப்படித்தான் நல்ல எண்ணங்கள் வரும்.

இணையக் கடை ஒன்றில் தேடினேன். 'மெசின் தெக்கான் மிஞ்ஞாக்' என்று மலாயில் போட்டிருந்தது. எண்ணெய் அழுத்தும் மெஷின். 389 வெள்ளி. படத்தில் பார்க்க அடக்கமாக இருந்தது: இரண்டு சூட்டுத் தகடு, நடுவில் ஜாக்கி, பக்கத்தில் கைப்பிடி, மேலே டிகிரி காட்டுகிற சிறிய பெட்டி. ஐந்து நட்சத்திரம். வாங்கியவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரர்கள், எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். இவ்வளவு பேர் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறார்களா என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பெட்டியில் மெஷினோடு ஒரு சுருள் எண்ணெய்த்தாளும், விரல் நீளத்தில் நைலான் பை ஒரு கட்டும் வந்தன. பையில் 90, 160 என்று நம்பர். மனைவி பார்த்த உடனே, "நல்லா இருக்குங்க, ஆட்டுக்கால் சூப்புக்கு மசாலா கட்டிப் போடலாம்" என்று பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் நாள் துருவிய பச்சைத் தேங்காயை ஒரு பையில் அடைத்து, 100 டிகிரி வைத்து, ஜாக்கியை ஓங்கி நாலு அடி அடித்தேன். புஸ்ஸென்று ஆவி. சூடான பால் நேராக என் பனியனில். தகட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே புட்டு மாதிரி ஒன்று, ஓரம் கருகி. அம்மா எட்டிப் பார்த்து, "சீனி இருக்கா?" என்று கேட்டார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்குத் தெரியாத விஷயமே இதில் கிடையாது. பச்சைத் தேங்காயில் பாதிக்குப் பாதி தண்ணீர். தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு எண்ணெயை வெளியே அழைத்தால் எப்படி வரும்? ஆலையிலே குலையை வந்த கையோடு பிரஸ்ஸில் தள்ளுவோமா? முதலில் ஆவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வைப்போம். அப்புறம் பழத்தைப் பிரித்து, 90 டிகிரிக்கு மேல் சூட்டில் கிளறிக் கூழாக்கி, அதற்குப் பிறகுதான் பிரஸ். கடைசியில் நிற்கிற பிரஸ்காரனுக்குப் பேர், வேலையெல்லாம் முன்னாடியே முடிந்திருக்கும். 30 வருடம் சம்பளம் வாங்கிக் கற்ற பாடம் 389 வெள்ளி மெஷினைப் பார்த்ததும் மறந்துவிட்டது.

சரி, கொப்பரை போடுவோம் என்று 15 காயை உடைத்தோம். மொத்தப் பொறுப்பையும் அம்மா எடுத்துக்கொண்டார். வாசல் பக்கம் ஜிங்க் தகட்டில் பரப்பி, காக்காய்க்கு ஒரு கம்பு, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் நாற்காலி போட்டு அம்மா. எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மத்தியானம் 3 மணிக்கு ஆபீஸுக்கு வருகிற கிராணி மாதிரி வந்துவிடும். ஒன்பது நாள் ஆனது. கடைசியில் நிறுத்துப் பார்த்தால் 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூட.

நன்றாகக் காய்ந்த கொப்பரையில் நூற்றுக்கு 60-க்கு மேல் எண்ணெய் உண்டு. மிக்சியில் பொடியாக அரைத்து அழுத்தினேன். 100 கிராமுக்கு 18 கிராம். மறுபடி அழுத்தினேன். பை வெடித்தது.

18! ஆலையில் ஆபீஸ் வாசலில் ஒரு பலகை மாட்டியிருப்பார்கள், அன்றைக்கு 100 டன் பழத்துக்கு எத்தனை டன் எண்ணெய் என்று. ஓ.இ.ஆர் என்போம். 20-க்குக் கீழே போனால் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது. பழத்துக்கு 20 என்றால் கௌரவம். கொப்பரைக்கு 18 என்றால் தூக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கடைப் பக்கத்தில், வாங்கியவர்கள் கேள்வி கேட்கிற இடத்தில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கமாக எழுதினேன். அதன் சாரம் இது: "நண்பர்களே, எல்லாம் எங்கள் வீட்டுக் கொல்லையில் வளர்ந்தது. மருந்து எதுவும் அடிக்கவில்லை. என் தாயார் ஒன்பது நாள் வெயிலில் காய வைத்துக் கொடுத்தார். கையில் 2 கிலோ இருக்கிறது. ஆனால் 18 சதவீதம்தான் வருகிறது. எப்படிக் கூட்டுவது?" கூடவே மெஷின் பக்கத்தில் நான் நிற்கிற படம் ஒன்று. பின்னால் சாமி காலண்டர் நன்றாகத் தெரிந்தது.

காலையில் எழுந்து பார்த்தால் பதிலாகக் குவிந்து கிடந்தது. அடேயப்பா, என்ன மரியாதை! ஒருவர் '2 கிலோவா!' என்று எழுதி, பக்கத்தில் கும்பிடுகிற கை படம் போட்டிருந்தார். இன்னொருவர், 18 நல்ல கணக்குதான், மனம் தளராதே என்றார். மூன்றாமவர், "உன் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்" என்று எழுதியிருந்தார். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றார்.

அப்புறம் யோசனைகள். அதிகம் இடித்துப் பொடியாக்காதே, தூள் துணியின் கண்ணை அடைத்துவிடும். பையைக் குண்டாக அடைக்காதே, தட்டையாகப் பரப்பு, நடுவிலிருந்து ஓரத்துக்கு எண்ணெய் நடக்க வேண்டிய தூரம் குறையும். தகட்டில் வைத்ததும் அழுத்தாதே, சும்மா தொட்டுக்கொண்டு சூடேறட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. அவசரப்பட்டால் பை கிழியும்.

ஒன்று விடாமல் செய்து பார்த்தேன். ரவை பதத்துக்கு அரைத்தேன். தகட்டுக்கு நடுவில் ஐந்து நிமிடம் வெறுமனே வைத்தேன். ஜாக்கியை ஒரு அடி, ஒரு மூச்சு, இன்னொரு அடி என்று பிள்ளைக்குத் தலை வாருவது போல அடித்தேன். 31 வந்தது. மூன்றாம் நாள் 43. பொன் நிறத்தில், கண்ணாடி மாதிரி. பிரஸ் ஸ்டேஷனில் நாங்கள் புதுப் பையன்களுக்குச் சொல்வதும் இதுதான்: கூட அழுத்தினால் கூட வரும் என்று நினைக்காதே, கொட்டை உடைந்து எண்ணெயோடு கலக்கும். அதையே முகம் தெரியாத யாரோ ஒரு அமெரிக்கன் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

43 சதவீதம் என்று எழுதி, நன்றியும் சொன்னேன். அதற்கு வந்த பதில்களை எழுதி முடியாது. ஒருவர் என்னை 'குருவே' என்று கூப்பிட்டார்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் அக்கா மகன் கோலாலம்பூரிலிருந்து வந்தான். டி-சட்டையில் படம் அச்சடிக்கிற கடையில் வேலை. அதனால் அழுத்துகிற மெஷின் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பெருமையாகப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மாமா... இத யாரு வாங்குனது?"

"நான்தான்டா. எண்ணெய் மெஷின்."

"எண்ணெய் மெஷின் இல்ல மாமா. இது கஞ்சா மெஷின்."

இந்த ஒரு சொல்லுக்குத்தான் எங்கள் நாட்டில் மொழிபெயர்ப்பே தேவையில்லை. தமிழிலும் கஞ்சா, மலாயிலும் கஞ்சா. உள்ளே முறுக்கு பிழிந்துகொண்டிருந்த மனைவியின் கை நின்ற சத்தம் எனக்குக் கேட்டது.

அவன் விளக்கினான். சட்டம் இடம் கொடுக்கிற அமெரிக்க மாநிலங்களில் அந்தப் பூவைச் சூடான தகட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பிசின் எடுக்கிறார்களாம். பெயர் ரோசின். வயலின் வில்லில் தேய்க்கிற பிசினுக்கும் அதே பெயர்தான். வேறு ரசாயனம் எதுவும் சேர்க்காமல் சூட்டிலும் அழுத்தத்திலும் மட்டுமே வருவதால் அதற்கு மவுசாம். 2015 வாக்கில் பெண்கள் முடியை நேராக்குகிற இடுக்கியில் வைத்து அழுத்தி ஆரம்பித்தது, இப்போது ஜாக்கி மெஷின் வரை வந்துவிட்டது. பூவில் 20 சதவீதம் வந்தால் நல்ல கணக்கு என்பார்களாம். எனக்கு அந்தப் பதற்றத்திலும், அட, நம் ஓ.இ.ஆர் என்று தோன்றியது. தொழில் புத்தி எங்கே போகும்?

"சரி, மெஷின்தானே. நாம அழுத்துறது தேங்காய்தானே" என்றேன்.

"நீங்க அங்க ஏதும் எழுதலியே மாமா?"

போனை நீட்டினேன். அவன் படிக்கப் படிக்க அவன் முகம் போன போக்கில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. அவ்வளவு நீளமாக எழுதியவன், மேலிருந்து கீழ்வரை, 'தேங்காய்' என்ற ஒரு சொல்லை எழுதவே இல்லை. கொல்லையில் வளர்ந்தது. அம்மா காய வைத்தது. கையில் 2 கிலோ. போட்டோவில் சிரித்த முகம்.

"மாமா, 200 கிராம் கையில இருந்தாலே நம்ம நாட்டுல அது வியாபாரக் கேசு. நீங்க அதுல பத்து மடங்கு சொல்லியிருக்கீங்க. பாட்டியையும் சேர்த்து விட்டிருக்கீங்க."

அந்தக் கேசுக்கு மரண தண்டனை கட்டாயம் என்று இருந்ததை 2023-ல் எடுத்தார்கள். எடுத்தது 'கட்டாயம்' என்பதை மட்டும்தான், தண்டனை அங்கேயேதான் இருக்கிறது. மனைவி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கவலை வேறு: "ஏங்க, அந்தப் பையில ஆட்டுக்கால் சூப்பு வச்சு கோயில் தலைவர் வீட்டுக்குக் குடுத்தேனே!" புதுப் பைதான், ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தோம். அவள் சமாதானம் ஆகவில்லை.

மருமகன் உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்தான். அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு வரி எழுதச் சொன்னேன்: "நான் அழுத்தியது தேங்காய்." ஒரே ஒரு பதில் வந்தது. "நாங்களும் அப்படித்தான் சொல்வோம், குருவே."

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த மெஷின்ல ஒரு தடவைக்கு எவ்வளவு புடிக்கும்?" 30 கிராம் என்றேன். ஒரு தடவைக்கு பத்து நிமிடம். அம்மா மனக்கணக்கில் கெட்டி, பால்மரக் காட்டில் ரப்பர் பால் நிறுத்து வாங்கியவர். 2 கிலோ கொப்பரைக்கு எழுபது தடவை, பதினோரு மணி நேரத்துக்கு மேல். "ஆலையிலகூட ஷிப்டு மாத்துவாங்களேடா" என்றார். மறுநாளே விறகடுப்பைப் பற்ற வைத்து, பத்து காயில் முக்கால் போத்தல் எடுத்துவிட்டார். அடியில் தங்கின கசடில் சீனி போட்டு ஆளுக்கு ஒரு கரண்டி. நான் அடுப்புக்கு ஒரு காற்றாடி வாங்கி வைத்ததோடு சரி.

மெஷினை ஆற்றில் போட்டுவிடலாம் என்றாள் மனைவி. 389 வெள்ளி ஆயிற்றே. தீபாவளிக்கு மறுநாள் மருமகன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான். காய்ந்த சோத்தோங் (கணவாய்) ஒன்றைத் தகட்டுக்கு நடுவில் வைத்து அழுத்தினான். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நெருப்பில் வாட்டி, உருளையில் விட்டுத் தட்டையாக்கிக் கொடுப்பார்களே, அதே பதம், அதே மணம். அந்த மணம் வேலி தாண்டிப் போனது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்று கூப்பிடுவோம். போலீசில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். கைலியை இறுக்கிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். மெஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். ஜாக்கியைத் தட்டினார். டிகிரி பெட்டியைக் குனிந்து படித்தார். எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு இல்லை. அம்மா மட்டும் ஒரு சோத்தோங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

மென்றார். கண்ணை மூடி இன்னும் கொஞ்சம் மென்றார்.

"செடாப்" என்றார், நல்ல ருசி என்று. "பேரனுக்கு ஒண்ணு வாங்கணும். எந்தக் கடைன்னு எனக்கு லிங்க் அனுப்பு."

"ஹாபிஸ், தீர்ந்துபோச்சு பாக்சிக்," என்றாள் மனைவி, நான் வாயைத் திறப்பதற்குள். "ஸ்டாக் ஹாபிஸ்."