பழைய டபுள் கெப், ஒட்டோ கியர் ஒயில்: தலவாக்கலை நாட்குறிப்பு

2024 மார்ச் 9, சனி

90களின் ஹைலக்ஸ் டபுள் கெப். உள்ளே ஏ340 வகை நாலு கியர் ஒட்டோ கியர் பெட்டி. காலையில் டி-யில் போட்டால் இரண்டு விநாடி கழித்துத்தான் பிடிக்கிறது. சூடானதும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் சும்மா ஒருமுறை உறுமிவிட்டுப் பிறகு இழுக்கிறது.

ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை இழுத்து வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தோம். புது ஒயில் செவ்வரத்தம்பூச் சிவப்பாக இருக்கும். இது பிளேன்டீ நிறம். கருகல் மணம் இருக்கிறது, விரலில் தேய்த்தால் பொடி உரசவில்லை. இன்னும் காப்பாற்றலாம். சொட்டு கறுத்துப் பொடியாக இருந்தால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன, ஒயில் மாற்றி ஆவதில்லை. "ஒயில் மாத்தினா பெட்டி போயிரும்" என்ற பேச்சு அப்படிப்பட்ட பெட்டிகளால் வந்தது. அவை ஏற்கெனவே போனவை. பாலில் கலந்ததுபோல இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வாகனத்தை ஸ்டார்ட்கூடப் பண்ணக்கூடாது.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்குச் சுமையோடு ஏறும்போது வண்டி கீழ்க் கியரிலேயே கிடக்கும். எஞ்சினின் சுழற்சியை ஒயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் கன்வர்ட்டர் பூட்டிக்கொள்ளாது, வழுக்கியபடியே ஓடும். அந்த வழுக்கல் அத்தனையும் சூடாகி ஒயிலில் இறங்குகிறது. மலை வண்டிக்கு ஒயில் மாற்றக் கிலோமீற்றர் கணக்கை மட்டும் நம்பக்கூடாது.

மார்ச் 10, ஞாயிறு

இந்த ஊரில் கஷ்டமான வேலை சமமான இடம் பிடிப்பதுதான். சேசிஸில் ரசமட்டம் வைத்துப் பார்த்தே நிறுத்தினோம். சரிவில் நின்றால் டிப் ஸ்டிக் பொய் சொல்லும்.

பத்து நிமிடம் ஓடவிட்டு, சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, வடிகால் போல்ட்டைக் கழற்றியாயிற்று. வந்ததை அளவுச் சாடியில் பிடித்தோம்: 2 லீற்றருக்குச் சற்றுக் குறைவு. பெட்டி முழுக்க 7 லீற்றருக்கு மேல் பிடிக்கும். மீதி கன்வர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் நிற்கிறது. ஒருமுறை வடித்துவிட்டு "முழுக்க மாத்தியாச்சு" என்று சொல்வது தப்பு.

பெட்டியின் அடியில் ஒயில் நிற்கும் தட்டம்தான் பான். அதன் 10 மில்லிமீற்றர் போல்ட்டுகளைப் பின் மூலையிலிருந்து தளர்த்தினால் எஞ்சிய ஒயில் அந்த மூலையால் மட்டும் இறங்கும். பழைய பசையை அறுக்க மெல்லிய தகடு போதும். ஸ்க்ரூ டிரைவரை நெம்பினால் அலுமினிய முகத்தில் கீறல் விழும், பிறகு ஒழுக்கு நிற்காது.

பானுக்குள் இருக்கும் காந்தங்களில் சாம்பல் நிறக் களிம்பு, நகத்தால் வழித்தால் வெண்ணெய்போல வருகிறது. அது சாதாரணத் தேய்மானம். செதிலோ பித்தளைத் துணுக்கோ இல்லை.

பில்டரைக் கழற்றியபோது பழைய கேஸ்கட் மேலே வால்வ் பொடியிலேயே (ஒயிலைத் திருப்பிக் கியர் மாற்றும் வால்வுகள் இருக்கும் பாகம்) ஒட்டிக்கொண்டது. பலரும் தவறவிடும் இடம் இது. அதன் மேலேயே புதியதை வைத்துப் பூட்டினால் பம்ப் ஒயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஏற்றத்தில் கியர் நழுவும். பில்டர் போல்ட்டுகள் கலந்துவிடாமல் மட்டையில் துளையிட்டு, இருந்த வரிசையிலேயே குத்தி வைத்திருக்கிறது.

மார்ச் 13, புதன்

கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து பில்டர் வந்தது. பழையதோடு பக்கத்தில் வைத்து, போல்ட் துளைகளும் உறிஞ்சும் வாயும் ஒத்துப்போவதைப் பார்த்த பிறகே பூட்டினோம். ஒயில் டெக்ஸ்ரோன் 3.

பானின் விளிம்பு போல்ட் துளைகளைச் சுற்றிக் குழிந்திருந்தது. யாரோ முன்பு முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள். மரக்கட்டையில் வைத்துத் தட்டி நேராக்கியாயிற்று. பில்டர் போல்ட் 10 நியூட்டன் மீற்றர், பான் போல்ட் வெறும் 7. சிறிய டோர்க் ரெஞ்ச் இல்லையென்றால் மணிக்கட்டின் பலம் போதும், தோளைச் சேர்க்கக்கூடாது. பானை ஒட்டும் சிலிக்கன் பசையும் மெல்லிய கோடாக மட்டும். உள்ளே பிதுங்கியது பிய்ந்து பில்டரை அடைக்கும். வந்த அளவே திரும்ப ஊற்றப்பட்டது.

மார்ச் 16, சனி

மீதி ஒயில். ரேடியேட்டரிலிருந்து பெட்டிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றிப் போத்தலில் விட்டு எஞ்சினை ஓட்டினால் பெட்டியின் பம்பே பழையதைத் தள்ளும். 1 லீற்றர் வந்ததும் எஞ்சினை நிறுத்தி, 1 லீற்றர் புதியதை டிப் ஸ்டிக் குழாயால் ஊற்றவேண்டும். பேராசைப்பட்டு ஒரே மூச்சில் வெளியேற்றினால் பம்ப் வறண்டு ஓடும். ஐந்தாம் தடவை சிவப்பு வந்தது. அழுத்த இயந்திரத்தால் அலசுவது பழைய பெட்டிக்கு வேண்டாம். அடியில் அமைதியாகக் கிடக்கும் அழுக்கைக் கிளப்பி வால்வுகளுக்குள் அனுப்பிவிடும்.

மார்ச் 17, ஞாயிறு

நானுஓயா வரை ஏறி இறங்கி, அதே சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓட லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து பி-க்குக் கொண்டுவந்து அளந்தோம். டிப் ஸ்டிக்கில் சூடான ஒயிலுக்கான கோட்டுக்கு 300 மில்லிலீற்றர் குறைவு; சேர்த்தாயிற்று. அளவு கூடினாலும் ஆபத்துத்தான்: சுழலும் பாகங்கள் ஒயிலை நுரையாக்கும், நுரையால் அழுத்தம் பிடிக்காது.

உறுமல் குறைந்ததே தவிர முழுக்கப் போகவில்லை. அக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லும் த்ரொட்டில் கேபிளைப் பார்த்தால், அக்சிலரேட்டரை முழுக்க மிதித்த நிலையில் கேபிள் உறையின் முனைக்கும் கேபிளில் இருக்கும் நிறுத்திக்கும் இடையே 4 மில்லிமீற்றர். இருக்கவேண்டியது 0 முதல் 1. சரிசெய்ததும் மூன்றாம் கியர் சுத்தமாக விழுகிறது. காலைத் தாமதம் ஒரு விநாடி மிஞ்சியிருக்கிறது. அது இறுகிப்போன றப்பர் சீல்களின் வேலை, ஒயிலால் தீராது.

மார்ச் 31, ஞாயிறு

பானைச் சுற்றித் துடைத்த துணி காய்ந்தே வந்தது. பழைய ஒயில் மூடிய கேனில், கழிவு ஒயில் எடுப்பவருக்காகக் காத்திருக்கிறது. இங்கே கானில் ஊற்றினால் நேரே கொத்மலை ஓயாதான்.