கூரையில்லா ஆஃப்ரோடு வண்டியில் எக்ஸாஸ்ட் குழாயை எங்கே வெளியே விடுவது?

மேலே திறந்த வண்டிதானே, புகை காற்றோடு போய்விடும் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் முதல் தவறு. வண்டி ஓடும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பகுதி உருவாகி, காற்று அங்கே சுழல்கிறது. நேராக நிற்கும் முன் கண்ணாடி காற்றை மேலே தூக்கி எறிவதால் இருக்கைகள் உள்ள இடத்திலும் அழுத்தம் குறையும். அதை நிரப்பப் பின்பக்கத்துக் காற்று முன்னோக்கி உள்ளே வருகிறது. பின் இருக்கையில் இருப்பவரின் தலைமுடி முகத்தின் பக்கம் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் வாய் அந்தச் சுழலுக்குள் இருந்தால், முடியைத் தள்ளும் அதே காற்று புகையையும் கொண்டுவரும்.

பக்கத் திரைகளை மூடி, பின் திரையை மட்டும் சுருட்டிவிட்டு ஓட்டுவது எல்லாவற்றையும் விட மோசம். முழுதாகத் திறந்த வண்டியில் கொஞ்சமாவது கலைந்துபோகும் புகை, இந்த அமைப்பில் உள்ளேயே தங்கிவிடுகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்குவதால் மேடுபள்ளத்தில் குலுங்கிய அலுப்பு என்றே எடுத்துக்கொள்வோம். அதனால் குழாய் வெளியே வரும் இடத்தை முதலில் மூச்சுக்காற்றை வைத்து முடிவு செய்யுங்கள். பாறை, தண்ணீர், சத்தம் எல்லாம் அடுத்த வரிசை.

சைலன்சரோடு வெட்டி, வண்டிக்கு அடியிலேயே புகையை விடுவது மலிவான வழி. கூரையில்லா வண்டிக்கு அது கூடவே கூடாது. மெதுவாக ஏறும்போதும் நின்று காத்திருக்கும்போதும் புகை தரைத்தகட்டுக்கு அடியில் தேங்கும். இந்த வகை வண்டிகளின் தரையில் தண்ணீர் வடியும் ஓட்டைகள், கியர் லீவர் ரப்பர் உறை, சீட் பெல்ட் போல்ட் துளைகள் என்று ஏகப்பட்ட வழிகள் உண்டு. அத்தனையிலும் புகை மேலே வரும். குழாயை எங்கே விட்டாலும் சரி, ரப்பர் அடைப்பான்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா, லீவர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பின் சக்கரத்துக்கு முன்னால், கதவை ஒட்டிப் பக்கவாட்டில் விடுவது அடுத்த வழி. குழாய் நீளம் குறையும், ஆக்ஸிலைத் தாண்டும் வளைவுகள் மிச்சம். ஆனால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் காலடியிலேயே புகை வருகிறது. பக்கக் காற்று அடித்தால் நேராக முகத்துக்கு ஏறும். சத்தமும் காதருகில். பாறையில் வண்டியின் பக்கவாட்டுக் குழாய்ச் சட்டம் உரசும் இடமும் இதுவே. பின்பக்கம் சரக்குத் தட்டாக இருந்து முன்னால் மட்டும் இருவர் உட்காரும் வண்டியாக இருந்தாலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பம்பருக்குக் கீழே நேராகப் பின்னால் விடுவது தொழிற்சாலை வழக்கம். சாலைக்குப் பொருந்தும். படிபோன்ற பாறையிலிருந்து இறங்கும்போது பின்முனை உட்காரும், குழாயின் வாய் நசுங்கும். முழுதாக நசுங்கினால் இன்ஜின் மூச்சுத் திணறும், பாதி நசுங்கினால் இணைப்புகளில் கசிவு தொடங்கும். கூடவே, மேலே சொன்ன பின்புறச் சுழலின் நடுவிலேயே புகையைக் கொட்டுவதும் இதுதான்.

பெரும்பாலான வண்டிகளுக்கு என் தேர்வு: ஆக்ஸிலுக்கு மேலாகக் கொண்டுபோய், பின் சக்கரத்துக்குப் பின்னால், பம்பருக்கு முன்னால் பக்கவாட்டில் திருப்பி வெளியே விடுவது. பின்முனை இடிபடாது, டயர் அதற்குக் காவல். புகை வண்டியின் பக்கத்தில் ஓடும் வேகமான காற்றில் கலந்து போகும். வாயை 30 முதல் 45 டிகிரி வெளிப்பக்கம் திருப்பி, 10 முதல் 15 டிகிரி கீழே சாய்க்கலாம். அதற்கு மேல் சாய்த்தால் நிற்கும்போது தூசியைக் கிளப்பும், காய்ந்த புல்லைச் சுடும். டயரின் வெளிவிளிம்பைத் தாண்டி வாய் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, பாடி விளிம்புக்குள் ஒளிந்திருக்கவும் கூடாது. உள்ளே ஒளிந்தால் புகை தகட்டில் மோதிச் சுருண்டு மேலே ஏறும். அங்கே கரி படிவதே அதற்கு அடையாளம்.

எந்தப் பக்கம்? எரிபொருள் ஊற்றும் வாய்க்கு எதிர்ப்பக்கம். ஸ்நார்க்கல் (இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய்) போட்டிருந்தால் முடிந்தவரை அதற்கும் எதிர்ப்பக்கம். இரண்டும் ஒத்துவராவிட்டால் எரிபொருள் வாய்க்கே முன்னுரிமை கொடுங்கள். இழுவைக் கொக்கிக்கு நேர் அருகே குழாய் வரக் கூடாது. சிக்கிய வண்டியை இழுக்கப் பட்டை மாட்டுகிறவர் அங்கேதான் மண்டியிட்டு, முகத்தை வைத்துக்கொண்டிருப்பார். உங்கள் நாட்டுச் சட்டம் வாய் எங்கே முடிய வேண்டும், எவ்வளவு சத்தம் வரலாம் என்று சொல்லியிருக்கும். வெட்டுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. சூடான கன்வெர்ட்டர்தான் கார்பன் மோனாக்சைடில் பெரும்பகுதியை எரித்துத் தீர்க்கிறது. குளிர்ந்திருக்கும்போது அதற்கு அந்த வேலை முடியாது என்பதால், மூடிய இடத்தில் இன்ஜினை ஓடவிடவே விடாதீர்கள், அதிலும் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்கள்.

மேலே தூக்கி நிறுத்தும் குழாய் ஆழமான நீரில் அடிக்கடி இறங்கும் வண்டிக்கு நியாயமானது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. வாய் ரோல் கேஜின் (வண்டி உருண்டால் ஆட்களைக் காக்கும் குழாய்க் கூண்டு) மேல் சட்டத்தை விட உயரமாக, பின்னோக்கிப் பார்த்து, கடைசி இருக்கைக்கும் பின்னால் இருக்க வேண்டும். கை படக்கூடிய நீளம் முழுவதும் துளையிட்ட தகட்டுக் காப்பு வேண்டும், குழாய்க்கும் அதற்கும் 20 மி.மீ. இடைவெளி விட்டு. இருக்கைப் பகுதியில் கிளாம்ப் இணைப்பே கூடாது, ஒரே துண்டாகப் பற்றவைத்த குழாய் மட்டும். மரக்கிளைகள் இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பின்னால் ஆட்கள் உட்காரும் வண்டிக்கு இது வேண்டாம்.

பாதை முடிவானதும் இடைவெளி பார்க்க வேண்டும். சமதளத்தில் நிற்கும் வண்டியில் அளப்பது பயனற்றது. ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர்) தொடும்வரை உயர்த்தி, மறு சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து மேலே ஏறிய நிலையையும் பார்க்க வேண்டும். ஆக்ஸில், பிராப்பெல்லர் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர், டயரின் உள்விளிம்பு ஆகியவற்றிலிருந்து எல்லா நிலையிலும் குறைந்தது 25 மி.மீ. வேண்டும். பிரேக் குழாய், வயரிங் என்றால் 50 மி.மீ. எரிபொருள் டேங்கும் பிளாஸ்டிக் பாகங்களும் 75 மி.மீ.க்குள் வந்தால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். தகடு குழாயோடு ஒட்டாமல் காற்று ஓட இடம் இருக்க வேண்டும். சேசிஸ் குறுக்குச் சட்டத்தின் அடிமட்டத்தை விட எந்த இடத்திலும் குழாய் தாழக் கூடாது. முதலில் அடிவாங்குவது சட்டமாக இருக்கட்டும்.

குழாய் விட்டம்: 2 லிட்டர் வரையான பெட்ரோல் இன்ஜினுக்கு 50 மி.மீ., 2.5 முதல் 4 லிட்டர் வரை 57 முதல் 63 மி.மீ. போதும். டர்போ டீசலுக்குப் பெரும்பாலும் 76 மி.மீ. விட்டத்தைப் பெரிதாக்குவதை விட, உள்ளே தாங்கு கம்பி கொடுத்து வளைப்பதால் மடிப்பு விழாத மேண்ட்ரல் வளைவுகளுக்குச் செலவு செய்வது நல்லது. சாதாரண வளைப்பானில் நசுங்கிய வளைவு, பெரிய குழாய் போட்ட பலனைத் தின்றுவிடும். சுவர்த் தடிமன் 1.5 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 409 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேலே லேசாகத் துருப்பிடிக்கும், ஆனால் சூட்டில் குறைவாக விரியும். 304 பளபளப்பாக நிற்கும், அதிகம் விரியும். 2.5 மீட்டர் நீளமுள்ள 304 குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஏறக்குறைய 13 மி.மீ. நீளும். இந்த நீட்சிக்கு வழி விடாமல் இறுக்கிக் கட்டினால் பற்றவைப்பு விரிசல் விடும், இன்ஜினோடு குழாய் சேரும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் போகும்.

அதனால் இன்ஜின் பக்கம் கியர்பாக்ஸோடு ஒரு தாங்கி, அதற்குப் பின் 100 முதல் 150 மி.மீ. நீளமுள்ள நெளிவுக் குழாய், அதற்கும் பின்னால் எல்லாமே சேசிஸிலிருந்து ரப்பரில் தொங்க வேண்டும். பாடியிலிருந்து தொங்கவிட்டால் அதிர்வு தகட்டில் ஏறும். நெளிவுக் குழாய் முறுக்கையோ எடையையோ தாங்கப் பிறந்ததல்ல. கியர்பாக்ஸைக் கழற்ற வழியாக ஒரு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இறுக்கும் விளிம்பு) அல்லது வி-பேண்ட் (விளிம்புகளைச் சுற்றி இறுக்கும் வளையம்) இணைப்பை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். செருகு இணைப்பில் இன்ஜின் பக்கத்துக் குழாய் உள்ளேயும், பின் குழாய் வெளியேயும் இருக்க வேண்டும். விட்டத்தின் அளவுக்காவது ஒன்றின் மேல் ஒன்று ஏறட்டும். யூ கிளாம்ப் குழாயை நசுக்கி, மறுமுறை கழற்ற விடாது. அகலப் பட்டை கிளாம்ப் போடுங்கள்.

நீரில் இறங்கும்போது வாய் மூழ்கினாலும் இன்ஜின் ஓடும்வரை புகையின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளி நிற்கும். அணைந்துவிட்டால்தான் சிக்கல்: உள்ளே இருக்கும் வாயு குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை இழுக்கும். ஆக்ஸிலுக்கு மேல் ஏறி இறங்கும் வளைவு இங்கே ஒரு தடுப்புச் சுவராகவும் பயன்படும். சைலன்சரின் தாழ்ந்த முனையில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் தேங்கிய நீர் வடியும். அதிலும் கொஞ்சம் புகை கசியும் என்பதால் சைலன்சரை இருக்கைகளுக்குப் பின்னால் வைக்கப் பாருங்கள்.

பற்றவைப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். குழாயை வண்டியில் வைத்து அங்கங்கே புள்ளியாக மட்டும் பற்றவைத்து, கழற்றி மேசையில் முழுதாகப் பற்றவையுங்கள். புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் அமரும் வளையம் கிடைமட்டத்தை விடக் குறைந்தது 10 டிகிரி மேலே சாய்ந்திருக்கட்டும், இல்லையென்றால் ஈரம் தேங்கிச் சென்சார் சாகும். அதற்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் தவறான கணக்கைச் சொல்லும்.

கசிவு பார்க்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வேக்குவம் கிளீனரின் காற்று வெளிவரும் முனையைக் குழாய் வாயில் வைத்து ஊதவிட்டு, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். அதன் பிறகு பின் இருக்கையைச் சுற்றிக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, கூரை முழுதாகத் திறந்தும், பாதி மூடியும் ஓட்டிப் பாருங்கள். காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று நூல் காட்டிவிடும். கார்பன் மோனாக்சைடு அளவை எண்ணாகக் காட்டும் கருவியை ஒவ்வொரு இருக்கையிலும் முகத்தின் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது ஐடிலிலும், மெதுவான ஏற்றத்திலும், சாலை வேகத்திலும் பார்க்க வேண்டும். வீட்டுக்கான அலாரம் இதற்கு ஆகாது. குறைந்த அளவுக்கு அது மணிக்கணக்கில் காத்திருந்துதான் ஒலிக்கும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் உச்ச சராசரி 35 பிபிஎம் (பத்து லட்சத்தில் 35 பங்கு). குழந்தைகளும் ஏறும் வண்டியில் நான் அதை வரம்பாக எடுக்க மாட்டேன். எண் பூஜ்யத்தை விட்டு நிலையாக ஏறி நின்றாலே குழாயின் வாயைத் திருப்ப வேண்டும், அல்லது நீட்ட வேண்டும்.

இரண்டு மூன்று முறை சூடாகிக் குளிர்ந்த பின் எல்லாக் கிளாம்ப்களையும் மறுபடி இறுக்குங்கள். அடித்தகடு போட்ட வண்டியில் குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் சேறும் காய்ந்த புல்லும் அடைந்துகொள்ளும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதைக் கழுவி எடுங்கள், கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் அடைந்த அந்தப் புல் எளிதில் தீப்பிடிக்கும்.