சின்னமலைக் கதையும் நாலு 'சான்று?'களும்

தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாறு படித்தபோது முதல் ஒப்படைப்பை தீரன் சின்னமலை பற்றி எழுதினேன். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, வீடு சென்னிமலைப் பக்கம். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைக்குப் புத்தகம் எதற்கு என்ற நினைப்பு. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மறித்துப் பறித்து, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்' என்று ஆளை அனுப்பியதை வசனத்தோடு எழுதிக் கொடுத்தேன். தாள் திரும்பி வந்தபோது நாலு இடத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: 'சான்று?'

அப்போது கோபம்தான் வந்தது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சிவப்பு மையின் அருமை புரிந்தது. வரலாற்றை ரசிக்க எழுதுகிறவர் 'என்ன நடந்தது' என்று சொல்வார். ஆய்வாளர் 'அது எப்படித் தெரியும்' என்பதையும் சேர்த்துச் சொல்வார். தேர்வில் முக்கால்வாசி அடிபடுவது இந்த இரண்டாவதில்தான்.

பக்கத்து ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் கரையில், அகழாய்வு நடந்த கொடுமணல். வாரஇதழ்க் கட்டுரை என்றால் ரோமாபுரி வணிகம், பச்சைக்கல், சூதுபவளம், இரும்பு உருக்கிய உலை என்று அரைமணி நேரத்தில் ஆளைக் கட்டிப்போடும். எனக்கு ஆசை பிடித்ததே அப்படித்தான், அதில் ஒரு குறையும் இல்லை. அகழாய்வு அறிக்கையைத் திறந்தால் முதல் பத்துப் பக்கம் குழி அளவும் மண்ணடுக்கும்தான், தூக்கம் வரும். ஆனால் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடு எந்த அடுக்கில் கிடைத்தது, கரிமக் காலக்கணிப்புக்கு மாதிரி எங்கே எடுத்தார்கள் என்பது அங்கேதான் இருக்கும். கொடுமணலின் காலத்தை கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டுபோகிறவர்களும் அதை ஒத்துக்கொள்ளாதவர்களும் சண்டை போடுவது அந்த அடுக்கை வைத்துத்தான். சேர மன்னர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் 67ஆம் பாட்டு, இந்த ஊர்ப் பெயர் போலவே 'கொடுமணம் பட்ட' என்று சொல்வதை இரண்டு தரப்பும் எடுத்துக்காட்டும். பாட்டு வேறு, ஓடு வேறு என்று பிரித்துப் பார்ப்பவர் ஆய்வாளர்.

புகழூர் இன்னும் நல்ல பாடம். வேலாயுதம்பாளையம் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டில் ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை வருகிறது. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் சேரர்கள் இவர்களே என்று வாரஇதழில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கல்லில் உள்ள பெயரையும் பாட்டில் உள்ள பெயரையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்: செல்வக் கடுங்கோ வாழியாதன், பெருஞ்சேரல் இரும்பொறை, இளஞ்சேரல் இரும்பொறை. ஒத்துப்போகிறது, ஆனால் அச்சு அசலாக இல்லை. ஒரு கூற்றையும் அதற்கொரு காரணத்தையும் கொடுத்துச் சரியா என்று கேட்கும் 'கூற்று - காரணம்' கேள்வி நுழைவது அந்த இடைவெளியில்தான். முதல் தடவை எழுதியபோது இப்படிப்பட்ட கேள்விகளில்தான் வழுக்கினேன்.

ஆனால் ஊர்ப்பேச்சு என்றாலே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்னமலை தூக்கிலிடப்பட்டது 1805 ஜூலை 31, சங்ககிரிக் கோட்டையில் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்புச்சி (அம்மாவின் அப்பா) அதைப் பார்த்துவிட்டு, "ஆடிப் பதினெட்டு கண்ணு அது" என்றார்.

"ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட்லல்லங்க அப்புச்சி வருது?"

"அப்ப உம்பட பொஸ்தகந்தான் தப்பு."

விடாமல் தேடினேன். நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடத் துளி நீளம். ஏறக்குறைய அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் தமிழ் மாதம் தள்ளிப்போகிறது. இன்றைக்கு ஆகஸ்ட் 2, 3இல் வரும் ஆடிப்பெருக்கு, இருநூறு வருஷம் முன்னால் மூன்று நாள் போல முந்தி, ஜூலை கடைசியில் வந்திருக்கிறது. இரண்டு தேதியும் ஒன்றேதான். போய்ச் சொன்னதற்கு அவர் ஆச்சரியப்படக்கூட இல்லை.

இப்போது நான் படிக்கும் முறை இது: புதுத் தலைப்பு என்றால் முதலில் வாரஇதழ் பாணிக் கட்டுரை ஒன்று, ஒரே மூச்சில். கையில் பென்சில்கூட வேண்டாம். அடுத்த நாள் அதில் நினைவில் நின்ற நாலைந்து செய்தியை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கல்வெட்டா, காசா, பாட்டா, வாய்மொழியா என்று நிரப்புவேன். நிரம்பாத இடத்துக்கு மட்டும் அறிக்கையையோ தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழையோ தேடிப் போவேன். முழு அறிக்கையையும் அட்டை முதல் அட்டை வரை படிக்கிறேன் என்று கிளம்பினால் தேர்வு முடிந்துவிடும். பொழுதுபோக்காகப் படிக்கிறவருக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டியதில்லை. காலம் சொல்லும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று படித்தால் போதும்.

இரண்டாவது ஒப்படைப்பு திரும்பி வந்தபோது ஒரே ஒரு 'சான்று?' இருந்தது. அப்புச்சி சொன்னதை எழுதிய இடம். எந்த ஊரில், என்றைக்குக் கேட்டேன் என்று போட மறந்திருந்தேன்.